எம்பசிக்கு ஒரு போன் போட்டால் போதுமா? வெளிநாட்டில் நம் தூதரகம் எதுவரை வரும்

காங்கேயம் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், பட்டா நகல், வில்லங்கச் சான்று என்று நாள் ஓடிவிடும். போன வருடம் தை மாதம் ஒரு காலையில், கடையைத் திறந்து லைட் போடுவதற்குள் ஓர் அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் மஞ்சப்பை.

“ஏனுங்க தம்பி, பையன் சவூதியில மாட்டிக்கிட்டானுங்க. கபீலு பாஸ்போர்ட்டைப் புடுங்கி வெச்சுக்கிட்டானாமா. சம்பளமும் இல்லீங்க. எம்பசிக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. அவிய கூட்டியாந்து உட்டுருவாங்கல்லங்க?”

கபீல் என்றால் அவனை வேலைக்கு எடுத்த அந்த ஊர் முதலாளி. பையிலிருந்து ஒரு பாலிதீன் கவர், அதற்குள் நாலாய் மடித்த காகிதம். மகனுடைய பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ். ஜெராக்ஸிலிருந்து எடுத்த ஜெராக்ஸாக இருக்க வேண்டும். முகம் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. பெயர் படிக்க முடிந்தது. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அதில் கடைசி இரண்டு இலக்கம் மடிப்பில் போய்விட்டது. ஆறா எட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அந்த அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஊரில் பாதிப் பேர் எம்பசி என்றால் போன் போட்டதும் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் “எம்பசியா, அவிய ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். இந்த இரண்டு நினைப்பாலும் குடும்பங்கள் மாதக்கணக்கில் அலைவதை என் கடை பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். சட்டப் படிப்பு எதுவும் வேண்டாம், பொறுமையாகப் படித்தால் போதும்.

நாமக்கல் லாரியும் வடக்கே இருக்கிற புக்கிங் ஆபீஸும்

நம் பக்கத்து டிரைவர் ஒருவர் நாமக்கல்லில் இருந்து லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் போகிறார் என்று வையுங்கள். அங்கே ஓர் ஊரில் வண்டி ஒரு பைக்கில் உரசிவிட்டது. போலீஸ் வண்டியையும் டிரைவரையும் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டது. டிரைவருக்கு இந்தியும் தெரியாது, குஜராத்தியும் தெரியாது.

அந்த ஊரில் நம் ஆள் ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவருக்குச் சேதி போனால் ஸ்டேஷனுக்குப் போவார். டிரைவர் சாப்பிட்டாரா, அடி கிடி வாங்கினாரா என்று பார்ப்பார். என்ன வழக்கு என்று கேட்டு நாமக்கல்லில் இருக்கும் ஓனருக்கும் வீட்டுக்கும் சொல்வார். நல்ல வக்கீல் யார் என்று காட்டுவார். ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் நகல் வாங்க வழி சொல்வார்.

“வண்டியை விடுய்யா” என்று இன்ஸ்பெக்டருக்கு அவர் உத்தரவு போட முடியாது. வழக்கு அந்த ஊர் கோர்ட்டில்தான் நடக்கும். அபராதம் டிரைவரோ ஓனரோ கட்ட வேண்டியது. எல்லாவற்றுக்கும் முதலில், யாராவது போன் பண்ணிச் சொன்னால்தான் அவருக்கு விஷயமே தெரியும்.

வெளிநாட்டில் நம் தூதரகம் நிற்கும் இடம் ஏறக்குறைய இதுதான். வித்தியாசம் ஒன்று உண்டு, அது பெரியது. புக்கிங் ஆபீஸ்காரர் ஊர்ப் பாசத்தில் போகிறார். “நீ யாருய்யா” என்று போலீஸ் அவரைத் துரத்தினால் திரும்பி வர வேண்டியதுதான். தூதரக அதிகாரி உலக நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகிறார். அவரைப் பார்க்க விடாமல் தடுத்தால் அந்த நாடு ஒப்பந்தத்தை மீறியதாக ஆகும்.

அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் தூதரகச் சேவை உறவுகள் குறித்த வியன்னா ஒப்பந்தம், 1963. அயல்நாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்கு ஒரு நாடு என்னென்ன செய்து கொடுக்கலாம், அதற்கு உள்ளூர் அரசு எப்படி வழிவிட வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. இந்தியா 1977-ல் அதில் சேர்ந்தது.

எம்பசி, கான்சுலேட், ஹை கமிஷன்

பேச்சில் எல்லாவற்றையும் எம்பசி என்றே சொல்லிவிடுகிறோம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தூதரகம், அதாவது எம்பசி, ஒரு நாட்டின் தலைநகரில் ஒன்றே ஒன்று இருக்கும். அரசாங்கம் அரசாங்கத்தோடு பேசுகிற இடம். அதன் தலைவர் தூதர். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று வைத்துக்கொள்ளும் தூதரகத்துக்கு ஹை கமிஷன் என்று பெயர். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் லண்டனிலும் நமக்கு இருப்பது ஹை கமிஷன். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

துணைத் தூதரகம், அதாவது கான்சுலேட், தலைநகருக்கு வெளியே பெரிய ஊர்களில் இருக்கும். மக்களுக்கான கவுண்டர் வேலை அங்கே அதிகம். அமீரகத்தில் எம்பசி அபுதாபியில், கான்சுலேட் துபாயில். சவூதியில் எம்பசி ரியாத்தில், கான்சுலேட் ஜித்தாவில். ஒவ்வொன்றுக்கும் எல்லை பிரித்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் வேலை பார்க்கிறவர் துபாய் கான்சுலேட்டின் எல்லையில் வருவார். தம்மாமில் இருப்பவர் ரியாத் எம்பசியின் எல்லையில் வருவார். தவறான அலுவலகத்துக்கு மனு போட்டால் அது சுற்றிக்கொண்டு போய்ச் சேர நாளாகும். நம் ஊரில் எந்த சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் நம் காடு வருகிறது என்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரிதான்.

பாஸ்போர்ட், சான்றிதழ், சிறையில் இருப்பவரைப் பார்ப்பது என்று குடிமக்களுக்காகச் செய்யும் வேலைகள் மொத்தத்துக்கும் தூதரகச் சேவை என்று பெயர். எம்பசிக்குள்ளும் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கும். தூதர் அந்நாட்டு அமைச்சரோடு வர்த்தகம் பேசிக்கொண்டிருப்பார். நமக்கு வேண்டியவர் கீழ்த்தளத்தில் கவுண்டரில் இருப்பார்.

அது இந்திய மண் இல்லை

“எம்பசிக்குள்ள கால் வெச்சுட்டா இந்தியாவுக்குள்ள வந்த மாதிரி” என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது சரியில்லை. தூதரகம் நிற்கும் நிலம் அந்த நாட்டுக்கே சொந்தமானது. 1961-ல் வந்த இன்னொரு வியன்னா ஒப்பந்தப்படி, தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் போலீஸ் உள்ளே நுழையக் கூடாது. அவ்வளவுதான் பாதுகாப்பு.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நினைத்த நேரத்துக்கு உள்ளே வர முடியாது. ஆனாலும் வீடு அவருடையது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் தெருவின் சட்டம்.

தூதர், தூதரக அதிகாரிகள் போன்றவர்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பும் அவர்களுக்குத்தான். பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்கு அது கிடையாது. துபாயில் செக் திரும்பினாலும் சிங்கப்பூரில் குட்கா பாக்கெட் பிடிபட்டாலும் அந்த ஊர்ச் சட்டம்தான் நம்மைக் கேட்கும்.

இதுவரை சொன்னதில் மனதில் நிற்க வேண்டியது இவ்வளவு: தூதரகம் நம் அரசாங்கத்தின் ஒரு கிளை. இன்னொருத்தர் நிலத்தில் நின்று நமக்காகக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு, கட்டளை போடும் அதிகாரம் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும்.

கவுண்டரில் நடக்கும் வேலைகள்

பாஸ்போர்ட் தருவது வெளியுறவு அமைச்சகம். கோவையில் இருக்கும் பாஸ்போர்ட் சேவை மையமும் துபாய் கான்சுலேட்டும் ஒரே அமைச்சகத்தின் இரண்டு ஜன்னல்கள். அதனால் அங்கே இருக்கும்போது பாஸ்போர்ட் காலாவதியானால் ஊருக்கு வந்து புதுப்பிக்க வேண்டியதில்லை, அங்கேயே புதுப்பிக்கலாம்.

பாஸ்போர்ட் தொலைந்து, அவசரமாக ஊர் திரும்ப வேண்டியவருக்கு அவசரப் பயணச் சான்றிதழ் தருவார்கள். ஒரே ஒரு முறை, இந்தியாவுக்குத் திரும்பி வர மட்டும் செல்லும். வளைகுடாவில் நம் ஆட்கள் இதை அவுட்பாஸ் என்பார்கள். இதைப் பற்றிப் பின்னால் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தை அங்கே பிறந்தால் அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்கியதோடு விட்டுவிடக் கூடாது. தாய் தகப்பன் இந்தியர் என்பதாலேயே குழந்தைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடாது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. தவறினால் மத்திய அரசின் அனுமதி வாங்கித்தான் பதிய முடியும். “ஊருக்கு வந்து சாவகாசமாப் பாத்துக்கலாம்” என்று இருந்துவிட்டு, பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த இளம் தம்பதியரைப் பார்த்திருக்கிறேன்.

‘பவர்’ பத்திரம்

கொங்குப் பக்கம் தூதரகக் கவுண்டரோடு அதிகம் உரசுவது இந்த விஷயத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அண்ணன் தம்பி மூவர். தாராபுரம் பக்கம் நாலு ஏக்கர் தோட்டம். நடுவுள்ளவர் கத்தாரில் இருக்கிறார். பாகம் பிரிக்கவோ விற்கவோ அவர் கையெழுத்து வேண்டும், லீவு கிடைக்கவில்லை. அப்போது தம்பி பெயருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார். தன் சார்பில் இன்னின்ன காரியம் செய்ய இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன் என்கிற பொது அதிகாரப் பத்திரம் அது.

அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவரே என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமல்லவா? அதற்காகத்தான் தூதரகம். பாஸ்போர்ட்டோடு நேரில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ரூமில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, நண்பரிடம் கொடுத்து முத்திரை வாங்கி வரச் சொன்னால் நடக்காது. பத்திரத்தில் எழுதியிருப்பது நியாயமா, பாகம் சரியா என்று தூதரகம் பார்ப்பதில்லை. கையெழுத்துக்கு மட்டுமே அது பொறுப்பு.

பத்திரம் கூரியரில் ஊருக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து அதை முடிக்க வேண்டும். கணக்கு கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை, வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. அதனால் கூரியர் கவரைக் கிழித்துப் போடாதீர்கள். அதில் இருக்கும் தேதிதான் உங்கள் சாட்சி.

என் பெரியப்பா வீட்டிலேயே இது நடந்தது. பவர் வந்து ஐந்து மாதம் கழித்து, கிரயத்துக்கு நாள் பார்த்து, வாங்குகிறவர் பணத்தோடு வந்து உட்கார்ந்திருக்க, “இது செல்லாதுங்க” என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பவர் எழுதி அனுப்பிய அண்ணன் மறுபடி லீவு போட்டு, நாலு மணி நேரம் பஸ் பிடித்து, தூதரகம் போய், திரும்ப எழுதி அனுப்பினார். அது வந்து சேர ஆன மூன்று மாதமும் பெரியப்பா சரியாகத் தூங்கவில்லை.

சான்றிதழுக்கு முத்திரை மேல் முத்திரை

வெளிநாட்டு வேலைக்கு டிகிரி சான்றிதழை அட்டஸ்டேஷன் பண்ணி வா என்பார்கள். ஈரோட்டில் படித்த சான்றிதழில் இருக்கும் கையெழுத்து நிஜமா என்று குவைத்தில் இருக்கும் ஆபீஸருக்கு எப்படித் தெரியும்? அதனால் சங்கிலி போல ஒருவர் கையெழுத்தை அடுத்தவர் உறுதி செய்துகொண்டே போகிறார்கள். முதலில் மாநில அரசு, பிறகு நம் வெளியுறவு அமைச்சகம், கடைசியாக இந்தியாவில் இருக்கும் குவைத் தூதரகம். இந்தக் கடைசி முத்திரையை வைப்பது அவர்கள் நாட்டுத் தூதரகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியைக் குறுக்க நாடுகள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் ஒரே ஒரு சான்று வில்லை போதும், எதிர்நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டாம். அதற்கு அப்போஸ்டில் என்று பெயர். இந்தியாவில் 2005 முதல் இருக்கிறது. ஓமன், சவூதி எல்லாம் இதை ஏற்கின்றன. அமீரகமும் குவைத்தும் கத்தாரும் இதில் சேராதவை, அங்கே போக நீண்ட சங்கிலிதான். ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள்.

போலீஸ் பிடித்தால்

வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வேன். வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், அவர் கேட்டுக்கொண்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதம் இல்லாமல் தெரிவிக்க வேண்டும். அப்படி ஓர் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதையும் போலீஸே அவருக்குச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவரைப் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். இதற்குத் தூதரக அணுகல் என்று பெயர்.

‘அவர் கேட்டுக்கொண்டால்’ என்பதில் தான் எல்லாம் இருக்கிறது. பயத்தில் நம் பையன் வாயே திறக்காமல் இருந்தால், அல்லது புரியாத மொழியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், தூதரகத்துக்குச் சேதியே போகாமல் போகலாம். அதனால் வெளிநாடு போகிறவருக்கு ஒரே ஒரு வரி சொல்லி அனுப்புங்கள்: “இந்தியத் தூதரகத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.” அந்த ஊர் மொழியில் இதை மட்டும் பழகிக்கொண்டு போகட்டும்.

அணுகல் கிடைத்தால் விடுதலையா? இல்லை. இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி குல்பூஷண் ஜாதவ் வழக்கை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். உளவாளி என்று சொல்லி பாகிஸ்தான் 2016-ல் அவரைப் பிடித்தது, 2017-ல் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்தியா ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜூலை 17-ல் தீர்ப்பு வந்தது. 15 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். பாகிஸ்தான் 36-வது பிரிவை மீறிவிட்டது, தூதரக அணுகல் கொடுக்க வேண்டும், தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார்கள். விடுதலை செய்யச் சொல்லி இந்தியா கேட்டதை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. உலகத்தின் உயர்ந்த நீதிமன்றமே அணுகலையும் விடுதலையையும் தனித்தனியாக வைத்துத்தான் பார்த்தது.

ஆகவே சிறையில் இருப்பவருக்குத் தூதரகம் செய்யக்கூடியது: பார்ப்பது, நிலைமையை வீட்டுக்குச் சொல்வது, வக்கீல் பட்டியல் தருவது, மற்ற கைதிகளைப் போலவே நடத்துகிறார்களா என்று கேட்பது. தண்டனையைக் குறைப்பது அதன் கையில் இல்லை.

சம்பளம் இல்லை, பாஸ்போர்ட் கையில் இல்லை

அந்த அம்மாவின் மகன் நிலைமை இதுதான். வளைகுடாவில் வேலைக்குப் போகிறவரை உள்ளே கொண்டுவரும் முதலாளிதான் அவருக்குப் பொறுப்பு. நம் ஆட்கள் வாயில் கபீல். அங்கே தங்கும் உரிமைக்கான அட்டை சவூதியில் இகாமா. கபீலோடு சண்டை வந்து வேலையை விட்டு வெளியேறினால், ஓடிப்போனவர் என்று அவர் பதிந்துவிடலாம். அதை ஹுரூப் என்கிறார்கள். அதன்பிறகு தெருவில் நடந்தாலே பிடிபடலாம்.

இங்கேதான் அவுட்பாஸ் பற்றிய குழப்பம். “எம்பசி அவுட்பாஸ் குடுத்துட்டா வந்துரலாமே” என்பார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு என்று வையுங்கள். இந்தியாவுக்குள் வரும் கதவின் சாவி தூதரகத்திடம் இருக்கிறது, அதுதான் அவுட்பாஸ். அந்த நாட்டை விட்டு வெளியேறும் கதவின் சாவி அந்த நாட்டு அரசாங்கத்திடம் இருக்கிறது. அதற்குப் பெயர் எக்ஸிட். நிலுவையில் வழக்கோ அபராதமோ ஹுரூபோ இருந்தால் எக்ஸிட் கிடைக்க நாளாகும். தூதரகம் அந்நாட்டுத் தொழிலாளர் துறையோடும் குடிநுழைவுத் துறையோடும் கடிதம் போட்டு, ஆள் அனுப்பி, திரும்பத் திரும்பக் கேட்கும். வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

இதற்கான மனுவை வீட்டிலிருந்தே போடலாம். மதத் என்ற இணையதளத்தை வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கியது. பெயருக்கு இந்தியில் உதவி என்று பொருள். மனு போட்டால் ஓர் எண் வரும், அது எந்தத் தூதரகத்துக்குப் போயிருக்கிறது, என்ன பதில் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். நூறு பேருக்கு வாட்ஸாப்பில் வீடியோ அனுப்புவதைவிட இந்த ஒரு மனு பெரிது என்பது என் அனுபவம். கூடவே சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

பணம் இல்லாதவருக்கு என்ன வழி? 2009 முதல் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. கவுண்டரில் ஒவ்வொரு சேவைக்கும் வாங்கும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கி அதில் போடுகிறார்கள். துபாயில் பாஸ்போர்ட் புதுப்பிக்கிற ஒருவர் கட்டும் காசு, எங்கோ கைவிடப்பட்ட இன்னொருவரின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் டிக்கெட்டுக்கும் போகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. நிஜமாகவே வழியற்றவர்களுக்கு மட்டும், விசாரித்துத்தான் தருவார்கள்.

இறப்பு

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே ஒருவர் இறந்துவிட்டால் ஊரில் எல்லோரும் கேட்பது, “ஏன் இத்தன நாளாவுது?” இடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

மருத்துவமனையோ போலீஸோ அறிக்கை தர வேண்டும். அந்த நாட்டு அலுவலகம் இறப்புச் சான்றிதழ் தர வேண்டும். இங்கிருந்து வாரிசு, உடலை இன்னார் பெற்று அனுப்பச் சம்மதம் என்று நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையின்மைச் சான்று தரும். உடலைப் பதப்படுத்திய சான்றிதழ் வேண்டும். பிறகு விமானத்தில் இடம். கோவையா, கொச்சியா, சென்னையா என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். இதில் தூதரகத்தின் கையில் இருக்கும் தாள் ஒன்றிரண்டுதான். நோய்வாய்ப்பட்டு இறந்தால் வேகமாக நகரும். விபத்து, தற்கொலை என்றால் போலீஸ் விசாரணை முடியும்வரை யாராலும் நகர்த்த முடியாது.

வீட்டில் இருக்கிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று. சம்மதக் கடிதத்தை யார் கொடுப்பது என்று முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். மனைவி ஒருவரையும் அண்ணன் இன்னொருவரையும் சொல்லி இரண்டு கடிதம் போனால், தூதரகம் எதை எடுப்பது என்று தெரியாமல் நிறுத்திவிடும். அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிப்பதானாலும் தெளிவாக எழுத வேண்டும். சவூதியில் எரியூட்ட அனுமதி இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

போர் வந்தால்

1990-ல் குவைத்தை ஈராக் பிடித்தபோது சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள், பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக, விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். 2022-ல் உக்ரைனில் மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா எல்லைகளைத் தாண்டி வந்தார்கள். அந்த வேலைக்கு ஆபரேஷன் கங்கா என்று பெயர். கீவ் நகரில் இருந்த நம் தூதரகமே மார்ச் மாதம் தற்காலிகமாகப் போலந்துக்கு மாறியது.

போர்க்காலத்தில் பேருந்து எங்கே நிற்கும், எந்த எல்லை திறந்திருக்கிறது என்ற சேதி தூதரகத்தில் பெயர் பதிந்தவருக்கு முதலில் போகும். மாணவர்கள் வேறு நாட்டுக்குப் போனதும் அங்குள்ள தூதரக இணையதளத்தில் பெயரும் எண்ணும் பதிவது ஐந்து நிமிட வேலை.

சென்னையில் இருக்கும் அவர்களுடைய அலுவலகங்கள்

அமெரிக்க விசாவுக்குச் சென்னை அண்ணா சாலையில் வரிசையில் நிற்கிறோமே, அது அமெரிக்காவின் துணைத் தூதரகம். விசா தருவதும் மறுப்பதும் அவர்கள் நாட்டு விருப்பம். மறுத்தால் நம் வெளியுறவு அமைச்சகம் சிபாரிசு செய்து வாங்கித் தர முடியாது. “எம்பசியில ஆள் இருக்குது, விசா முடிச்சுத் தர்றேன்” என்று யார் சொன்னாலும் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்திலேயே இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். பவானிசாகர் முகாமில் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். இங்கே பிறந்த தங்கள் பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமை பதிய அவர்கள் போவது சென்னையில் உள்ள இலங்கைத் துணை ஹை கமிஷனுக்கு. நாம் வெளிநாட்டில் எந்த ஜன்னல் முன் நிற்கிறோமோ அதே மாதிரி ஜன்னல் முன் அவர்கள் இங்கே நிற்கிறார்கள்.

போகும் முன்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். குடிபெயர்வு அனுமதி தேவை என்று அர்த்தம். வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அவர்கள் அரசின் அனுமதி வாங்க வேண்டும். பலர் இதைத் தடை என்று நினைக்கிறார்கள். வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளி பெயர் எல்லாம் அரசாங்கத்தின் பதிவில் ஏறும் இடம் அது. 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அதோடு வருகிறது. பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம்.

விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம் என்று சொல்லும் ஏஜெண்ட் இந்தப் பதிவு முழுவதையும் தாண்டி உங்களை அனுப்புகிறார். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட நம் பிள்ளைகளின் கதை 2022-ல் வெளியே வந்தது. அவர்கள் தாய்லாந்துக்குள் போன பதிவுதான் இருந்தது. தேட வேண்டிய நாடு வேறாக இருந்தது.

கிளம்பும் நாளில் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம் நான்கையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் போட்டுவிட்டுப் போங்கள். அங்கே போய் இகாமா கிடைத்ததும் அதையும், முதலாளியின் பெயர், போன், தங்கும் இடத்தையும் அனுப்புங்கள். மனுவில் கேட்பது இவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம் இது எதுவும் இல்லை. மங்கலான ஜெராக்ஸைத் தவிர அவர் பையில் இருந்தது, மகன் பணம் அனுப்பிய பழைய ரசீது ஒன்று. நல்ல வேளையாக அதில் இகாமா எண் இருந்தது. அதை வைத்து ‘மதத்’ தளத்தில் மனு போட்டோம். ரியாத்திலிருந்து பதில் வர ஒன்பது நாள் ஆனது. பிறகு மாதத்துக்கு இரண்டு முறை வந்து பெஞ்சில் உட்கார்ந்து, “பதில் ஏதாச்சும் வந்துச்சுங்களா தம்பி” என்று கேட்டுவிட்டுப் போவார். வைகாசி கடைசியில் அவுட்பாஸ் வந்தது. எக்ஸிட் வர ஆடி ஆனது.

மகன் வந்த அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், புது பாஸ்போர்ட் விண்ணப்பிக்க. அவுட்பாஸை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்றான். கொடுக்கும் முன் போட்டோ எடுத்து வைத்தாயா என்று கேட்டேன். போனைத் திறந்து காட்டினான். எண் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மூணு காப்பி எடுங்க தம்பி,” என்றார். “எழுத்து நல்லாத் தெரியோணும்.”